பைப்லைனில் ஒரு படி எப்போது ஓடும், எப்போது ஓடாது?

நீங்கள் எழுதிய புரோகிராமின் கோடை, கோடுகளைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்புகிறீர்கள், அதாவது புஷ் செய்கிறீர்கள். எங்கோ ஒரு தரவு மையத்தில் புதிதாக ஒரு மெய்நிகர் இயந்திரம் கிளம்பி, உங்கள் கோடை இறக்கி, தேவையான லைப்ரரிகளை நிறுவி, டெஸ்ட்களை ஓட்டி, பில்டு செய்து, கடைசியில் அதைத் தளத்தில் ஏற்றிவிடுகிறது. இந்த வரிசை முழுவதும் யாமல் என்ற எளிய வடிவில் ஒரு சின்னக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. சிஐ (தொடர் ஒருங்கிணைப்பு), சிடி (தொடர் வெளியீடு), பைப்லைன் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் விஷயம் இதுதான்: ஆட்கள் கையால் செய்துவந்த வேலைகளை இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது.

முதல்முறை இந்தக் கோப்பை எழுதும் எவரும் எல்லாப் படிகளும் எப்போதும் ஓடும்படிதான் எழுதுவார்கள். ஒருவர் மட்டும் வேலை செய்யும் சின்ன புராஜெக்டுக்கு அது போதும். இன்னொருவர் வந்து, தன் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு புல் ரிக்வெஸ்ட் அனுப்பும்போதுதான் சிக்கல் தெரியும். யாரும் இன்னும் படித்துப் பார்க்காத அவருடைய கோடு, டெஸ்ட்டைத் தாண்டியதும் நேராக வாடிக்கையாளர்கள் பார்க்கும் தளத்துக்குப் போய்விடும். ரீட்மீ கோப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட மொத்த டெஸ்ட்களும் அரை மணி நேரம் ஓடும். ஆகவே "இது மெயின் பிராஞ்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) மட்டும்", "இது டெஸ்ட் தோற்றால் மட்டும்", "இது இந்த ஃபோல்டரில் மாற்றம் இருந்தால் மட்டும்" என்று படிகளுக்கு நிபந்தனை போடவேண்டி வருகிறது.

எழுதுவதற்கு அது ஒரு வரிதான். அந்த வரி தப்பினால் வரும் பாதிப்பு மட்டும் இரண்டு விதம். ஓடக்கூடாத படி ஓடிவிட்டால் சீக்கிரமே தெரிந்துவிடும். யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள். ஓடவேண்டிய படி ஓடாமல் போனால் யாருக்கும் தெரியாது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும், மாதக்கணக்கில் இருக்கும். நிபந்தனைகளைப் புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டாவது விதத்துக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பயம் புதிதல்ல. பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். இன்றைய பில்டு கருவிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார்: கம்பைலர்களை எழுத உதவும் 'யாக்' என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கோபத்தோடு அவர் அறைக்குள் வந்தார். சரியாக இருந்த ஒரு புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே வீணடித்திருந்தார். பிழையைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் (இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றத்தான்) விட்டுப்போயிருந்தது. ஓடவேண்டிய ஒரு படி ஓடவில்லை, அது யார் கண்ணிலும் படவில்லை. மேக் இதற்குத் தந்த தீர்வு எளிமையானது. மூலக் கோப்பு மாறிய நேரத்தையும் அதிலிருந்து உருவான கோப்பின் நேரத்தையும் அது ஒப்பிடும். மூலம் புதிதாக இருந்தால் மட்டும் கம்பைல் செய்யும், இல்லையென்றால் விட்டுவிடும். நிபந்தனையோடு ஓடும் படி என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சுருக்கமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

கீழே வரும் உதாரணங்களுக்கு, 2019 நவம்பரில் எல்லோருக்குமாகத் திறக்கப்பட்ட, கிட்ஹப்பின் பைப்லைன் வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கருவிகள் முக்கியமாக வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எண்

நீங்கள் எந்த நிபந்தனையும் எழுதாவிட்டாலும் பைப்லைனில் ஒரு நிபந்தனை இருக்கிறது: முந்தைய படி தோற்றால் அடுத்த படி ஓடாது. சரி, தோற்றது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உங்கள் டெஸ்ட்டைப் பற்றியோ பில்டைப் பற்றியோ அதற்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது இயங்குதளத்திடம் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். அதற்கு எக்சிட் கோடு என்று பெயர். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எந்த எண் என்றாலும் தோல்வி. பைப்லைன் பார்ப்பது இந்த எண்ணை மட்டும்தான். திரையில் சிவப்பு எழுத்தில் நூறு பிழைகள் வந்து விழுந்தாலும், கடைசியில் 0 வந்தால் அந்தப் படி வெற்றி.

லினக்ஸ் இயந்திரத்தில் ஒரு படிக்குள் பத்துக் கட்டளைகளை எழுதினால், கிட்ஹப் அவற்றை, கட்டளைகளை ஓட்டும் பாஷ் ஷெல்லிடம் ஒரே ஸ்கிரிப்டாகக் கொடுக்கிறது. கொடுக்கும்போது 'மைனஸ் ஈ' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்கிறது. எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நிறுத்து என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் பாஷ் தோல்விகளைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசிக் கட்டளையின் எண்ணே மொத்தப் படியின் எண்ணாக ஆகிவிடும்.

இந்தப் பாதுகாப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. டெஸ்ட்டின் வெளியீட்டைத் திரையிலும் பார்க்கவேண்டும், கோப்பிலும் சேமிக்கவேண்டும் என்று பலர் அதை 'டீ' என்ற கட்டளைக்குத் திருப்பிவிடுவார்கள், அதாவது பைப் செய்வார்கள். பைப் போட்டால் பாஷ் வலது ஓரத்தில் இருக்கும் கட்டளையின் எண்ணை மட்டும்தான் பார்க்கும். இடது பக்கத்தில் டெஸ்ட் தோற்று 1 கொடுத்திருக்கும். வலது பக்கத்தில் 'டீ' தன் வேலையைச் சரியாகச் செய்து 0 கொடுக்கும். படி பச்சையாகிவிடும், அடுத்து தளத்தில் ஏற்றும் படியான டிப்ளாய் ஓடும். இதைத் தடுப்பதற்கு 'பைப்ஃபெயில்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், கிட்ஹப்பில் ஷெல் எதுவென்று நீங்கள் சொல்லாமல் விட்டால் பைப்ஃபெயில் சேராது. 'ஷெல்: பாஷ்' என்று வெளிப்படையாக எழுதினால்தான் சேரும். இரண்டு முறையிலும் ஓடுவது அதே பாஷ்தான், நடத்தை மட்டும் வேறு. எந்த வொர்க்ஃப்ளோவைத் (பைப்லைனுக்கு கிட்ஹப் வைத்த பெயர்) தொடங்கினாலும் மேலேயே அந்த வரியைப் பொதுவாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்வேன்.

நிபந்தனை போட மூன்று இடங்கள்

ஒரு வொர்க்ஃப்ளோவுக்குள் ஜாப்கள், ஒவ்வொரு ஜாப்புக்குள்ளும் படிகள் என்பதுதான் அமைப்பு. ஒவ்வொரு ஜாப்பும் தனி இயந்திரத்தில் ஓடும். ஒரே ஜாப்பின் படிகள் ஒரே இயந்திரத்தில், ஒரே கோப்புகளோடு, வரிசையாக ஓடும். நிபந்தனையை இந்த மூன்று மட்டங்களிலும் போடலாம்.

மேல்மட்டத்தில், எந்த நிகழ்வுக்கு இந்த வொர்க்ஃப்ளோ ஓடவேண்டும் என்று சொல்கிறோம். மெயினுக்கு புஷ் வந்தால், புல் ரிக்வெஸ்ட் திறந்தால், தினம் இரவு இத்தனை மணிக்கு, அல்லது யாராவது பொத்தானை அழுத்தினால் என்று பல வகை. குறிப்பிட்ட ஃபோல்டரில் மாற்றம் இருந்தால் மட்டும் என்றும் இங்கேயே சொல்லலாம். ஜாப் மட்டத்திலும் படி மட்டத்திலும் 'இஃப்' என்ற ஒரு வரி, அதன் பக்கத்தில் நிபந்தனை.

எங்கே போடுவது நல்லது? முடிந்தவரை மேலே. ஜாப்பையே தவிர்த்துவிட்டால் அதற்கான இயந்திரம் கிளம்புவதே இல்லை. நேரமும் காசும் மிச்சம். ஜாப்புக்குள் இருக்கும் பத்துப் படிகளிலும் ஒரே 'இஃப்' வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் கோப்புகளை நிறையப் பார்க்கலாம். பத்தில் ஒன்றில் யாராவது திருத்த மறப்பது நிச்சயம். அதைத் தனி ஜாப்பாகப் பிரித்து ஒரே இடத்தில் நிபந்தனை வைப்பதுதான் சரி.

என்ன கேட்கலாம்?

மிக அதிகமாகத் தேவைப்படும் நிபந்தனை: டிப்ளாய், மெயின் பிராஞ்சில் மட்டும். கிட்ஹப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில தகவல்களைத் தருகிறது. அதில் 'கிட்ஹப்.ரெஃப்' என்பதில் பிராஞ்சின் முழுப்பெயர் இருக்கும். கவனிக்கவும், வெறும் 'மெயின்' இருக்காது. 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்' என்றுதான் இருக்கும். சுருக்கமான பெயர் வேண்டுமென்றால் 'கிட்ஹப்.ரெஃப்_நேம்' என்று தனியாக ஒன்று உண்டு. முழுப்பெயர் இருக்கும் இடத்தில் சுருக்கப் பெயரை ஒப்பிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டும் சமமில்லை என்பது இயந்திரத்தின் பதில், ஆகவே டிப்ளாய் ஒருநாளும் ஓடாது. புல் ரிக்வெஸ்டில் இந்த மதிப்பு இன்னும் வேறு: புல் ரிக்வெஸ்ட் எண்ணோடு 'ரெஃப்ஸ்/புல்/எண்/மெர்ஜ்' என்று வரும்.

பிராஞ்சை மட்டும் கேட்டால் போதுமா? போதாது. இரவு தானாக ஓடும் டெஸ்ட் ஒன்றை அதே வொர்க்ஃப்ளோவில் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். நேர அட்டவணைப்படி ஓடும் வொர்க்ஃப்ளோக்கள் ரெப்போவின் (கோடு இருக்கும் களஞ்சியத்தின்) இயல்பு பிராஞ்சில்தான் ஓடும், பெரும்பாலும் அது மெயின். 'மெயின் என்றால் டிப்ளாய்' என்ற நிபந்தனை அங்கேயும் பொருந்திவிடும். யாரும் எதுவும் மாற்றாமலே தினமும் நள்ளிரவில் தளம் மறுபடி ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே 'நிகழ்வு புஷ்ஷாக இருக்கவேண்டும், பிராஞ்சும் மெயினாக இருக்கவேண்டும்' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ரெப்போவைப் பலர் தங்கள் கணக்குக்கு நகலெடுப்பார்கள், அதாவது ஃபோர்க் செய்வார்கள் என்றால், ரெப்போவின் பெயரையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெர்ஷன் எண்ணைக் குறிக்கும் டேக் போட்டால் மட்டும் வெளியீடு என்பது இன்னொரு பொதுவான தேவை. ரெஃப் 'ரெஃப்ஸ்/டேக்ஸ்/வி' என்று தொடங்குகிறதா என்று கேட்க 'ஸ்டார்ட்ஸ்வித்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு சின்னக் குறிப்பு: கிட்ஹப்பின் நிபந்தனை மொழியில் எழுத்துச் சரங்களை ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. சரத்தை ஒற்றை மேற்கோளில்தான் வைக்கவேண்டும். இரட்டை மேற்கோள் போட்டால் பிழை. இந்தப் பிழையாவது சத்தமாக வரும்.

எழுதாமலே சேரும் நிபந்தனை

'இஃப்: பிராஞ்ச் மெயின்' என்று ஒரு படிக்கு எழுதுகிறீர்கள். டெஸ்ட் தோற்றுவிட்டது, பிராஞ்சோ மெயின்தான். இப்போது அந்தப் படி ஓடுமா?

கிட்ஹப்பில் ஓடாது. நீங்கள் எழுதிய நிபந்தனைக்கு முன்னால் 'இதுவரை எல்லாம் வெற்றி, மேலும்' என்ற பகுதியை அதுவே சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதியின் பெயர் 'சக்சஸ்' ஃபங்ஷன். மைக்ரோசாஃப்டின் இன்னொரு கருவியான அஷ்யூர் பைப்லைன்ஸில் இதே கேள்விக்குப் பதில் தலைகீழ். அங்கே நீங்கள் சொந்தமாக ஒரு நிபந்தனை எழுதிய உடனே, இயல்பாக இருந்த 'முந்தையது வெற்றி பெற்றிருக்கவேண்டும்' என்பது போய்விடும். பிராஞ்ச் மெயின் என்று மட்டும் எழுதினால், டெஸ்ட் தோற்றாலும் டிப்ளாய் ஓடும். அங்கே 'சக்சீடட்' ஃபங்ஷனையும் உங்கள் நிபந்தனையையும் 'ஆண்ட்' போட்டு நீங்களே சேர்க்கவேண்டும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வரிகளை அப்படியே பெயர்த்துவிட்டால், பார்வைக்கு ஒன்றுபோல இருந்து வேலையில் எதிராகிவிடும்.

கிட்ஹப் தானாகச் சேர்க்கும் அந்தப் பகுதி எப்போது விலகும்? நான்கு நிலை ஃபங்ஷன்களில் ஏதாவது ஒன்றை நீங்களே எழுதினால். 'சக்சஸ்' ஒன்று. முந்தைய படி ஏதாவது தோற்றிருந்தால் உண்மையாகும் 'ஃபெயிலியர்' இரண்டாவது. டெஸ்ட் தோற்றால் குழுவுக்குச் செய்தி அனுப்பும் படிக்கு இது ஏற்றது. ஓட்டத்தை யாராவது நிறுத்தியிருந்தால் உண்மையாகும் 'கேன்சல்டு' மூன்றாவது. நான்காவது 'ஆல்வேஸ்', எப்போதும் உண்மை.

இந்த 'ஆல்வேஸ்'தான் புதியவர்களை மிகவும் ஈர்க்கிறது. டெஸ்ட் தோற்றாலும் அதன் அறிக்கையை எடுத்து வைக்கவேண்டும், தோற்றபோதுதான் அது அதிகம் தேவை. ஆகவே 'ஆல்வேஸ்' போடுவோம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது சொன்னது சொன்னபடி எப்போதும் ஓடும். நீங்கள் ரத்து செய்யும் பொத்தானை அழுத்திய பிறகும் ஓடும். அந்தப் படி நெட்வொர்க்கில் எதற்காவது காத்துக்கொண்டு நின்றுவிட்டால், ஜாப்பின் நேரவரம்பு தீரும்வரை இழுக்கலாம்; கிட்ஹப்பில் நீங்கள் மாற்றாவிட்டால் அந்த வரம்பு 360 நிமிடம். வெற்றியோ தோல்வியோ ஓடட்டும், ரத்து செய்தால் மட்டும் வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் நம் உண்மையான எண்ணம். அதற்கு 'கேன்சல்டு' முன்னால் ஒரு ஆச்சரியக்குறி, அதாவது 'ரத்து ஆகவில்லை என்றால்'. கிட்ஹப்பின் ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது. யாமலில் ஆச்சரியக்குறிக்கு வேறு வேலை இருப்பதால், அதில் தொடங்கும் நிபந்தனையை டாலர் குறியும் இரட்டை வளைவு அடைப்பும் போட்டுத்தான் எழுதவேண்டும். மற்ற இடங்களில் 'இஃப்' வரிக்கு அந்த அடைப்பு கட்டாயமில்லை.

இங்கே ஜென்கின்ஸ் என்ற இன்னொரு பைப்லைன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வேலை முடிந்தபின் செய்யவேண்டியதற்கென்றே 'போஸ்ட்' என்ற பகுதி இருக்கிறது. அதில் 'ஆல்வேஸ்', 'ஃபெயிலியர்' போன்றவற்றோடு 'ஃபிக்ஸ்டு' என்று ஒன்று உண்டு: போன ஓட்டம் தோற்று, இந்த ஓட்டம் வென்றிருந்தால் மட்டும் ஓடும். "சரியாகிவிட்டது" என்ற செய்தியை ஒரே ஒருமுறை அனுப்ப இது அருமையான வசதி. ஒவ்வொரு வெற்றிக்கும் செய்தி அனுப்பினால் கொஞ்ச நாளில் யாரும் படிக்கமாட்டார்கள், தோல்விச் செய்தியும் அந்தக் குவியலில் போய்விடும்.

'ஃபால்ஸ்' உண்மையாகும் இடங்கள்

ஒரு படி இன்னொரு படிக்குத் தகவல் சொல்லலாம். உதாரணமாக, முதல் படி முகப்புக் கோடு இருக்கும் ஃபோல்டரில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, 'மாற்றம்' என்ற பெயரில் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று எழுதி வைக்கிறது. அடுத்த படி அதைப் பார்த்து ஓடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. எளிதுதான். ஆனால் படிகள் தரும் வெளியீடுகள் எல்லாமே எழுத்துச் சரங்கள். 'ஃபால்ஸ்' என்ற சரம் காலியான சரம் அல்ல, ஆகவே நிபந்தனையில் அது உண்மை என்றே கொள்ளப்படும். 'மாற்றம்' என்ற மதிப்பை மட்டும் 'இஃப்' வரியில் போட்டால், மாற்றம் இல்லாவிட்டாலும் அடுத்த படி ஓடும். 'ட்ரூ' என்ற சரத்தோடு சமமா என்று ஒப்பிட்டே எழுதவேண்டும். பொத்தானை அழுத்தி ஓட்டும் வொர்க்ஃப்ளோவில் டிக் பெட்டி வைத்திருந்தாலும் இதே கவனம் தேவை. 'இன்புட்ஸ்' வழியாக எடுத்தால் அது உண்மையான பூலியன், அதாவது உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு. 'கிட்ஹப்.ஈவென்ட்.இன்புட்ஸ்' வழியாக எடுத்தால் அதே டிக் பெட்டி சரமாகிவிடும்.

இன்னொரு விதத்திலும் இது நடக்கும். டாலர் வளைவு அடைப்புக்குள் ஒரு நிபந்தனை, அதற்கு வெளியே 'ஆண்ட்' குறி, பிறகு இன்னொரு அடைப்புக்குள் இன்னொரு நிபந்தனை என்று எழுதினால், கிட்ஹப் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு 'ட்ரூ && ஃபால்ஸ்' என்ற ஒரு சரமாக ஒட்டிவிடும். காலியில்லாத சரம், ஆகவே உண்மை. நிபந்தனை இருப்பதுபோலத் தெரியும், ஆனால் எதையும் தடுக்காது. இரண்டையும் ஒரே அடைப்புக்குள் வைக்கவேண்டும், அல்லது அடைப்பையே விட்டுவிடவேண்டும்.

எதிர்த் திசையில் உள்ள ஆபத்து இன்னும் அமைதியானது. முந்தைய படியின் அடையாளப் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டால், கிட்ஹப் "அப்படி ஒரு படி இல்லை" என்று ஓட்டத்தின்போது சண்டை போடாது. இல்லாத மதிப்பு காலியாகக் கணக்கிடப்படும், காலி என்றால் பொய், படி தவிர்க்கப்படும். கோப்பைச் சேர்ப்பதற்கு முன்பே இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க 'ஆக்‌ஷன்லின்ட்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்; இந்தக் கட்டுரையில் சொல்வதில் உடனே செய்யக்கூடியது அதுதான்.

தோல்வியை மன்னிப்பதற்கும் ஒரு வசதி இருக்கிறது. 'கன்டின்யூ ஆன் எரர்' என்று ஒரு படிக்குப் போட்டால், அது தோற்றாலும் ஜாப் தொடரும். அந்தப் படிக்கு அப்போது இரண்டு முடிவுகள் இருக்கும். 'அவுட்கம்' உண்மையில் நடந்ததைச் சொல்லும்: தோல்வி. 'கன்குளூஷன்' மன்னித்தபின் உள்ளதைச் சொல்லும்: வெற்றி. பிறகு வரும் 'ஃபெயிலியர்' ஃபங்ஷனும் இந்தத் தோல்வியை எண்ணாது. அது தோற்றதா என்று பின்னால் கேட்கவேண்டுமென்றால் 'அவுட்கம்' பார்க்கவேண்டும்.

ஓடாத ஜாப் பச்சையாகும் விதம்

ஜாப்கள் இயல்பாக ஒரே நேரத்தில் ஓடும். டெஸ்ட் முடிந்த பிறகுதான் டிப்ளாய் என்று வரிசைப்படுத்த 'நீட்ஸ்' என்று எழுதுவோம். டிப்ளாய்க்கு டெஸ்ட் தேவை. டெஸ்ட் தோற்றால் டிப்ளாய் தவிர்க்கப்படும். நல்லது. ஆனால் டெஸ்ட் தவிர்க்கப்பட்டாலும் டிப்ளாய் தவிர்க்கப்படும், டிப்ளாயை நம்பியிருக்கும் அடுத்த ஜாப்பும் தவிர்க்கப்படும். ஒரு ஜாப்புக்கு 'இந்த ஃபோல்டர் மாறினால் மட்டும்' என்று நிபந்தனை போட்டதும், அதற்குப் பின்னால் உள்ள வரிசை முழுவதும் திடீரென்று ஓடாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இதைத் தீர்க்கப் பலர் உடனே கை வைப்பது 'ஆல்வேஸ்' மேல்தான். டிப்ளாய் ஓடிவிடும், பிரச்சினை தீர்ந்ததுபோலத் தெரியும். டெஸ்ட் உண்மையாகவே தோற்கும் நாளிலும் அதே டிப்ளாய் ஓடும். நாம் சொல்ல நினைப்பது அதுவல்ல. "ரத்து ஆகவில்லை, பில்டு வெற்றி, டெஸ்ட் வெற்றி அல்லது தவிர்ப்பு" என்பதே நம் எண்ணம். அதை அப்படியே எழுதலாம். ஒவ்வொரு ஜாப்பின் முடிவும் 'நீட்ஸ்' வழியாகக் கிடைக்கும்: வெற்றி, தோல்வி, ரத்து, தவிர்ப்பு என்ற நான்கில் ஒன்று. வரி நீளும், ஆனால் படிப்பவருக்குப் புரியும்.

அடுத்து, புல் ரிக்வெஸ்டை மெயினில் சேர்ப்பதற்கு, அதாவது மெர்ஜ் செய்வதற்கு முன் கட்டாயம் வெற்றி பெறவேண்டிய சோதனைகள். குழுவாக வேலை செய்யும் ரெப்போக்களில் இதை அமைத்திருப்பார்கள்: டெஸ்ட் ஜாப் பச்சையானால்தான் மெர்ஜ் பொத்தான் திறக்கும். இங்கே இரண்டு நடத்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டர் வடிகட்டி காரணமாக வொர்க்ஃப்ளோவே ஓடாவிட்டால், அந்தச் சோதனை "காத்திருக்கிறது" என்ற நிலையிலேயே நிற்கும், மெர்ஜ் செய்ய முடியாது. ஆவணத்தில் ஒரு எழுத்தைத் திருத்திய புல் ரிக்வெஸ்ட் காரணமே தெரியாமல் மாட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். வொர்க்ஃப்ளோ ஓடி, ஜாப் மட்டும் 'இஃப்' வரியால் தவிர்க்கப்பட்டால் நடப்பது நேர் எதிர்: கிட்ஹப் அதை வெற்றி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும், மெர்ஜ் திறந்துவிடும்.

இரண்டுக்கும் சேர்த்து வழக்கத்தில் உள்ள தீர்வு, கடைசியாக ஒரு காவல் ஜாப். அது மற்ற எல்லா ஜாப்களையும் 'நீட்ஸ்' பட்டியலில் வைத்துக்கொள்ளும். அவற்றின் முடிவுகளைப் பார்த்து, ஏதாவது தோற்றிருந்தாலோ ரத்தாகியிருந்தாலோ தானும் தோற்கும். கட்டாயச் சோதனையாக இந்த ஒரு ஜாப்பின் பெயரை மட்டும் ரெப்போ அமைப்பில் கொடுத்தால் போதும். வொர்க்ஃப்ளோ மட்டத்தில் ஃபோல்டர் வடிகட்டி வைக்காமல், அந்த நிபந்தனைகளை ஜாப்களுக்கு இறக்கிவிடவேண்டும்.

இந்தக் காவல் ஜாப்புக்கு 'ஆல்வேஸ்' கட்டாயம். 'ஆல்வேஸ்' சரியான இடம் என்று நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான். மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் தோற்கிறது. டெஸ்ட்டை நம்பியிருக்கும் காவல் ஜாப் தவிர்க்கப்படுகிறது. தவிர்க்கப்பட்டது வெற்றியாக எண்ணப்படுகிறது. மெர்ஜ் பொத்தான் திறக்கிறது. டெஸ்ட்கள் வெற்றி பெறும் நாட்களில் எல்லாம் சரியாகவே இருக்கும். தோற்கும் நாளில் மட்டும் கதவு திறந்து கிடக்கும்.

கிட்ஹப்பைப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் வடிவம் வேறு. ஒவ்வொரு ஜாப்புக்கும் 'ரூல்ஸ்' என்ற பட்டியல் எழுதுவோம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் அந்த ஜாப் பைப்லைனில் சேர்வதே இல்லை. ஆகவே வரிசை முக்கியம்: பொதுவான விதியை மேலே வைத்துவிட்டால் கீழே உள்ள குறிப்பான விதிகளுக்கு வேலை வராது. 'வென்: மேனுவல்' என்று ஒரு விதியில் சொன்னால், அந்த ஜாப் பொத்தானை யாராவது அழுத்தும்வரை காத்திருக்கும். புரொடக்‌ஷன் டிப்ளாய்க்கு இது நல்ல பழக்கம்.

நிபந்தனையால் காக்க முடியாதவை

'இஃப்' வரி இருக்கும் கோப்பும் ரெப்போவுக்குள்தான் இருக்கிறது. ரெப்போவில் எழுதும் உரிமை உள்ள ஒருவர் புதிய பிராஞ்சில் அந்த வரியையே அழித்துவிட்டு புல் ரிக்வெஸ்ட் திறந்தால், ஓடுவது அவர் மாற்றிய கோப்புதான். ஆகவே "மெயினில் மட்டும் டிப்ளாய்" என்ற நிபந்தனை தவறுதலைத் தடுக்கும், வேண்டுமென்றே செய்பவரைத் தடுக்காது. சர்வரின் சாவியை வொர்க்ஃப்ளோவில் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைக்காமல், 'என்விரான்மென்ட்' என்ற அமைப்புக்குள் வைக்கவேண்டும். எந்த பிராஞ்ச் அதைப் பயன்படுத்தலாம் என்ற விதி அங்கே ரெப்போ அமைப்பில் இருக்கும், கோப்பில் இருக்காது. விதி பொருந்தாவிட்டால் சாவி ஜாப்பின் கைக்கே வராது.

ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்களுக்கு கிட்ஹப் சீக்ரெட்களை (சாவி, கடவுச்சொல் போன்ற ரகசிய மதிப்புகளை) தருவதில்லை. இது நல்ல ஏற்பாடு. அதனால் சீக்ரெட் தேவைப்படும் படிகள் அங்கே காலி மதிப்போடு ஓடித் தோற்கும். அந்தப் படியைத் தவிர்க்கலாம் என்றால், 'இஃப்' வரியில் சீக்ரெட்டை நேராகக் குறிப்பிட முடியாது. அதை முதலில் ஜாப்பின் 'என்வ்' பகுதியில் ஒரு சூழல் மாறியாக எடுத்துக்கொண்டு, படியின் நிபந்தனையில் அது காலியா என்று கேட்கவேண்டும்.

நிபந்தனை ஒரு வரியைத் தாண்டி நீண்டுகொண்டே போனால், அதை யாமலிலிருந்து எடுத்து ஒரு தனி ஸ்கிரிப்டில் வையுங்கள். ஸ்கிரிப்ட் ஒரே ஒரு பதிலைச் சொல்லட்டும்: ஓடலாம், வேண்டாம். ஸ்கிரிப்டை உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம், டெஸ்ட் எழுதலாம். அது எதற்காக அப்படி முடிவு செய்தது என்று லாக்கில் ஒரு வரி எழுதவும் வைக்கலாம். தவிர்க்கும்போது காரணத்தை எழுதும் ஸ்கிரிப்ட், தேடுபவருக்கு மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

எழுதியதைச் சோதிப்பது எப்படி?

வெற்றி பெறும் ஓட்டத்தைப் பார்த்து நிபந்தனை சரி என்று முடிவு செய்யாதீர்கள். தனி பிராஞ்ச் ஒன்றில் ஒரு டெஸ்ட்டை வேண்டுமென்றே தோற்கவைத்து, டிப்ளாய் நிற்கிறதா, மெர்ஜ் பொத்தான் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் ஆவணக் கோப்பை மட்டும் மாற்றி ஒன்று அனுப்புங்கள். ஓட்டத்தை நடுவில் ரத்து செய்தும் பாருங்கள். முடிந்த ஓட்டத்தைத் திறக்கும்போது பச்சைக் குறியோடு நின்றுவிடாமல், சாம்பல் நிறத்தில் இருக்கும் ஜாப்களையும் படிகளையும் எண்ணுங்கள். அவைதான் தவிர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியவேண்டும்.

சொல்ல முடியாவிட்டால் அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். மறுபடி ஓட்டும் பெட்டியிலேயே டீபக் லாகிங்கை இயக்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால், ஒவ்வொரு படிக்கும் முன்னால் அதன் நிபந்தனையை கிட்ஹப் எப்படிப் படித்தது, உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் என்ன மதிப்பு வந்தது, கடைசியில் உண்மையா பொய்யா என்பது வரிவரியாக லாக்கில் வரும். நீங்கள் எழுதாமலே சேர்ந்த 'சக்சஸ்' ஃபங்ஷனும் அங்கே கண்ணுக்குத் தெரியும்.